சென்னையிலிருந்து பலாலிக்கு நேரடி விமானம்: தூரமும் நேரமும்

யாழ்ப்பாணத்துக்குப் பக்கமாக இருப்பது சென்னையா கொழும்பா என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் கொழும்பு என்பார்கள். நேர்கோட்டில் அது சரிதான்; பயணம் செய்யும் தூரம் வேறு கதை. வான்வழியில் அளந்தால் சென்னை மீனம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலிக்கும் இடையே ஏறத்தாழ 355 கிலோமீட்டர்தான். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சாலைவழித் தூரமோ ஏறக்குறைய 400 கிலோமீட்டர். முதல் முறை அம்மாவை அழைத்துச் சென்றபோது, எங்கள் பகுதி டிக்கெட் முகவர் கொழும்பு வழியே போவதுதான் சுலபம் என்று சொல்லிவிட்டார். கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கா வரை 645 கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்துக்குள் கடந்துவிட்டு, அதன்பின் இரவு முழுவதும் பேருந்தில் கால் வீங்க உட்கார்ந்திருந்த அம்மாவை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாம் முறை நேரடி விமானத்தில் சென்றோம். தூரம் பாதியளவே என்றாலும் பயண நேரம் பாதியாகக் குறைவதில்லை. டிக்கெட்டில் சுமார் 75 நிமிடம் என்று போட்டிருந்தது. இதற்குக் காரணம் உண்டு. இந்தத் தடத்தில் பறப்பது ஜெட் அல்ல, சுழலியால் இயங்கும் ஏடிஆர் 72. அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். மேலும், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் முறை வரும்வரை காத்திருப்பதும் அந்த 75 நிமிடத்துக்குள்ளேயே அடங்கும். நாங்கள் சென்ற அன்று, தரையை விட்டு எழும்பியதிலிருந்து பலாலியில் சக்கரம் பதிந்தது வரை 56 நிமிடமே ஆயிற்று.

மெதுவான விமானம் என்பதை நான் குறையாகக் கருதவில்லை. இறக்கைகள் உடலின் மேற்புறத்தில் பொருந்தியிருப்பதால் சன்னலிலிருந்து கீழே பார்ப்பதற்குத் தடையே இல்லை. போகும்போது வலப்பக்க இருக்கை கிடைத்தால், வானம் தெளிந்திருக்கும் நாளில் சோழமண்டலக் கரை கோடியக்கரை வரை வெள்ளைக் கோடாக நீள்வதைக் காணலாம். சுழலிக்கு நேராக உள்ள வரிசைகளில் இரைச்சல் அதிகம் என்பதால் வயதானவர்களுக்குப் பின்வரிசையே நல்லது; ஏறி இறங்கும் படியும் பின்புறத்தில்தான் இருக்கிறது. படி குறுகலானது, அம்மாவைக் கைப்பிடித்துத்தான் ஏற்றினேன்.

பலாலி 2019 அக்டோபரில் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் தொடங்கிய சென்னைச் சேவை கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டும் வந்தது. நிலையம் சிறியது, நடக்கும் தூரமும் குறைவு. இரு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தைத் திருத்தும் வேலையும் இல்லை. விமானம் சிறியதாகையால் பெட்டியின் எடை வரம்பை மட்டும் டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை மாம்பலத்தில் சிற்றுண்டி முடித்துக் கிளம்பிய அம்மா, பலாலி வீதி வழியே உரும்பிராயில் பெரியம்மா வீட்டை அடைந்தபோது பிற்பகல் தேநீருக்கு அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.