மாதிரி தவறும்போது: பொறியாளரின் தேர்வும் பொருளியலாளரின் தேர்வும்

1949-இல் லண்டன் பொருளியல் பள்ளியில் ஏ. டபிள்யூ. பிலிப்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் ஓர் இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். ஆளுயரத்துக்கும் சற்று மேலான சட்டத்தில் ஒளி ஊடுருவும் தொட்டிகளும் குழாய்களும் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றினூடே சாயம் கலந்த தண்ணீர் ஓடியது. நாட்டு வருமானமாக மேலிருந்து இறங்கும் நீரில் ஒரு பங்கு வரியாகவும், ஒரு பங்கு சேமிப்பாகவும், ஒரு பங்கு இறக்குமதியாகவும் பிரிந்துபோகும். எஞ்சியது நுகர்வாகக் கீழே விழுந்து, அரசுச் செலவாகவும் முதலீடாகவும் ஏற்றுமதியாகவும் திரும்பி வரும் நீரோடு கலந்து, மீண்டும் மேலே இறைக்கப்படும். மிதவை ஏறி இறங்கும்போது அதனோடு பிணைத்த பேனா தாளில் கோடு வரையும். பிலிப்ஸ் முதலில் படித்தது மின் பொறியியல். 1954-இல் அவர் எழுதிய கட்டுரையில், பொருளாதாரத்தை நிலைப்படுத்த மூன்று வகைத் திருத்தங்களை ஒப்பிட்டார்: இப்போதுள்ள பிழைக்கு ஏற்ற திருத்தம், இதுவரை சேர்ந்த பிழைக்கு ஏற்ற திருத்தம், பிழை மாறும் வேகத்துக்கு ஏற்ற திருத்தம். ஆலைகளில் பி.ஐ.டி. கட்டுப்பாடு என்று இன்றும் வழங்குவது இதுதான்.

காலத்தோடு மாறும் அமைப்புகளைப் பொறியாளரும் பொருளியலாளரும் ஒரே வகைச் சமன்பாடுகளால் எழுதுகிறார்கள். அச்சமன்பாடுகளே அவர்களின் மாதிரி. இருவரின் சமன்பாடும் உண்மையோடு முழுதாகப் பொருந்துவதில்லை. அந்த இடைவெளியை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பல விடைகள் போட்டியிடுகின்றன. பிழையைச் சராசரியும் பரவலும் உள்ள எண்ணாகக் கருதி நிதானமாகச் செயல்படலாம். நேரக்கூடியவற்றில் மோசமானதற்குத் தயாராகலாம். ஓட்டத்திலேயே மாதிரியைத் திருத்திக் கற்கலாம். நுட்பத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு எளிய விதியோடு நின்றுவிடலாம். இவற்றுள் எது மேல் என்பதைத் தீர்மானிக்குமுன் பிழையின் இனத்தைப் பிரித்தறிய வேண்டும் என்பது என் கருத்து. பத்துக்குப் பதில் எட்டு என்று கணித்தால் அது அளவுப் பிழை. குறைக்கும் என்று நம்பிச் செய்தது கூட்டிவிட்டால் அது குறிப் பிழை, கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி. விளைவே திரும்பி வந்து காரணத்தை மாற்றும் பின்னூட்டம் உள்ள அமைப்பில் முதல் வகை சத்தமில்லாமல் இரண்டாம் வகையாக மாறிவிடும்.

ஒரு பாலமும் ஒரு கடனும்

லண்டனின் மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டு, இரண்டே நாளில் மூடப்பட்டது. 144 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி பக்கவாட்டில் சுமார் 70 மில்லிமீட்டர் வரை ஆடியது. மக்கள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றார்கள். பாலம் முறியும் அபாயம் இருக்கவில்லை, வலிமைக்கான பாதுகாப்பு இடைவெளி போதுமானதாகவே இருந்தது. விடுபட்டது ஒரு சுழற்சி. நடக்கும் ஒருவர் ஒவ்வோர் அடியிலும் பக்கவாட்டில் சிறு விசை தருகிறார். பலர் நடந்தால் அவ்விசைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. ஆனால் தளம் சற்றே ஆடத் தொடங்கியதும், விழாமல் இருக்க மனிதர்கள் காலை அகற்றி வைத்து, ஆட்டத்துக்கு ஏற்ப நடக்கிறார்கள். அந்த விசை தளத்தின் வேகத்துக்கு விகிதமாக அதே திசையில் விழுகிறது. தணிப்பு என்பதும் வேகத்துக்கு விகிதமான விசைதான், ஆனால் எதிர்த்திசையில். ஆகவே பாலத்தில் ஏறும் ஒவ்வொருவரும் அதன் தணிப்பில் ஒரு துளியைக் கழிக்கிறார். பின்னர் ஆட்களை நடக்கவிட்டு, எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்த்தபோது, ஏறத்தாழ 160 பேர் வரை பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. அதைத் தாண்டியதும் ஆட்டம் தானாக வளர்ந்தது. கழித்துக்கொண்டே போன எண் சுழியத்தைக் கடந்து குறி மாறிய இடம் அது. 37 பிசுக்குத் தணிப்பான்களும் ஐம்பதுக்கு மேற்பட்ட நிறைத் தணிப்பான்களும் பொருத்தி, 2002 பிப்ரவரியில் பாலத்தை மீண்டும் திறந்தார்கள்.

இதற்கு இணையாகப் பொருளியலில் நான் வைப்பது கிரேக்கத்தை. 2010 மே மாதத் திட்டத்தில் பன்னாட்டு நாணய நிதியம், 2009-ஐ விட 2012-இல் அந்நாட்டின் உற்பத்தி 5.5% குறைந்திருக்கும் என்று கணித்திருந்தது. உண்மையில் 17% குறைந்தது. வேலையின்மை 15% ஆக இருக்கும் என்று எண்ணிய இடத்தில் 25% ஆனது. நிதியத்தின் அப்போதைய தலைமைப் பொருளியலாளர் ஒலிவியே பிளான்ஷார் பிற்பாடு சக ஆய்வாளர் ஒருவரோடு ஆராய்ந்து சுட்டிய காரணம் ஒரே எண்: அரசு ஒரு யூரோ செலவைக் குறைத்தால் உற்பத்தி எவ்வளவு சுருங்கும் என்ற பெருக்கி. ஐரோப்பிய முன்கணிப்புகளில் அது ஏறத்தாழ 0.5 என்று புதைந்திருந்தது. நெருக்கடிக் காலத்தில் அது 0.9-இலிருந்து 1.7 வரை இருந்திருக்கலாம் என்று நிதியமே 2012 அக்டோபரில் கூறியது.

அளவுப் பிழைதானே என்று தோன்றும். காகிதத்தை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். கடன் உற்பத்தியில் 130%, அரசின் வருவாய் உற்பத்தியில் 40% என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். உற்பத்தியில் 1% அளவுக்குச் செலவைக் குறைக்கிறோம். பெருக்கி 0.5 என்றால் உற்பத்தி 0.5% சுருங்கும், வரியில் 0.2 இழப்பு, கடன் நிகரமாக 0.8 குறையும். கடன் விகிதத்தின் பகுதி, அதாவது வகுக்கும் எண்ணான உற்பத்தி, சுருங்குவதால் விகிதம் 0.65 ஏறும். மொத்தத்தில் விகிதம் 0.15 புள்ளி இறங்கும். சிறிதானாலும் நினைத்த திசையில்தான். பெருக்கி 1.5 என்றால் வரியிழப்பு 0.6, கடன் 0.4 மட்டுமே குறைகிறது, பகுதி 1.5% சுருங்குவதால் விகிதம் 1.95 ஏறுகிறது. மொத்தத்தில் 1.55 புள்ளி உயர்வு. இது முதல் ஆண்டுக் கணக்கு மட்டுமே. வட்டி, விலைவாசி எதையும் சேர்க்கவில்லை. ஆனால் குறி மாறிவிட்டது. விகிதம் ஏறியதைக் கண்டு இன்னும் வெட்டச் சொன்னால் என்ன ஆகும் என்பதைப் பாலத்தில் 160-ஐத் தாண்டி ஏறிய கூட்டம் காட்டிவிட்டது.

பொறியியலில் ஜடப் பொருள் மாதிரியை அறியாது, பொருளியலில் மனிதர்கள் மாதிரியை அறிந்து நடத்தையை மாற்றிக்கொள்கிறார்கள். ஆகவே இரண்டும் வேறு என்று சொல்வது வழக்கம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1960-இல் பொருளியலாளர்கள் சாமுவேல்சனும் சோலோவும், வேலையின்மை குறைந்தால் கூலி வேகமாக ஏறும் என்று பிலிப்ஸ் கண்ட வளைகோட்டை அமெரிக்காவுக்குப் பொருத்தி, 4 முதல் 5% விலையேற்றத்தைப் பொறுத்துக்கொண்டால் வேலையின்மையை 3%-க்கு இறக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். 1975-இல் அங்கே விலையேற்றம் 9.1%, வேலையின்மை 8.5%. விலை ஏறும் என்று எதிர்பார்க்கத் தொடங்கியவர்கள் கூலியையும் அதற்கேற்ப உயர்த்திக் கேட்டபோது வளைகோடே நகர்ந்துவிட்டது. கொள்கை மாறினால் மாதிரியின் எண்களும் மாறும் என்று 1976-இல் ராபர்ட் லூக்கஸ் எழுதியது இதைத்தான். ஆனாலும் பாலத்தில் நடந்தவர்கள் எந்த மாதிரியையும் படிக்கவில்லை, காலடியில் ஆடியதற்கு ஏற்ப நடந்தார்கள், அவ்வளவே. ஆகவே எல்லைக்கோட்டை இரு துறைகளுக்கு நடுவே இழுப்பதைவிட, பிழை சுழற்சிக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று இழுப்பதே பயன் தரும்.

நிதானமா, முன்னெச்சரிக்கையா

முதல் வழி பொருளியலாளருக்குப் பிடித்தது. 1967-இல் வில்லியம் பிரெய்னார்ட் காட்டிய கணக்கு எளிமையானது: வட்டி போன்ற கொள்கைக் கருவியின் விளைவு சராசரியாக 1, ஆனால் அதன் திட்ட விலக்கம் 0.5 என்றால், வேண்டிய திருத்தத்தில் 1-ஐ 1.25-ஆல் வகுத்த பங்கை, அதாவது 80%-ஐ மட்டும் செய். விலக்கம் கூடக் கூடக் கை இன்னும் சுருங்கும். வெந்நீர்க் குழாயைத் திருகிவிட்டுச் சற்றுப் பொறுத்துப் பார்ப்பவரின் அறிவு இது. மைய வங்கிகள் வட்டியை ஒரே மூச்சில் மாற்றாமல் கால் சதவீதம், கால் சதவீதமாக நகர்த்துவதற்கு இது ஒரு நியாயம்.

பொறியாளரின் மரபு வேறு வழியில் போயிற்று. 1960-களில், இரைச்சல் கலந்த அளவீடுகளிலிருந்து அமைப்பின் நிலையை மதிப்பிடும் கால்மனின் வடிகட்டியும் உகந்த கட்டுப்பாடும் சேர்ந்து, இரைச்சலை நிகழ்தகவாக வைத்து மிகச் சிறந்த கட்டுப்படுத்தியைக் கணக்கிடத் தந்தன. அப்படிக் கிடைத்த கட்டுப்படுத்திக்கு, மாதிரி சற்றுத் தவறினாலும் தாங்கும் என்ற உத்தரவாதம் எவ்வளவு உண்டு என்ற கேள்வியை 1978-இல் ஜான் டாயில் இரண்டு பக்கக் கட்டுரையில் எடுத்துக்கொண்டார். அதன் சுருக்கவுரை மூன்றே ஆங்கிலச் சொற்கள். தமிழில், ‘அப்படி எதுவும் இல்லை’. தன் மாதிரிக்குள் உகந்ததாக இருப்பது, அடுத்த வீட்டு மாதிரியில் நிலைகுலையலாம். 1981-இல் ஜார்ஜ் ஜேம்ஸ் தொடங்கிவைத்த தாங்குதிறன் கட்டுப்பாடு இதற்கு மறுமொழி: பிழைக்கு நிகழ்தகவு எதுவும் வைக்காமல் ஓர் எல்லை மட்டும் வகுத்து, அந்த எல்லைக்குள் எது நேர்ந்தாலும் அமைப்பு நிலைத்திருக்குமாறு வடிவமைப்பது. லார்ஸ் ஹான்சனும் தாமஸ் சார்ஜென்டும் இதைப் பொருளியலுக்குக் கொண்டுவந்தார்கள்.

இங்கேதான் இரு வழிகளும் நேரடியாக மோதுகின்றன. விளைவின் அளவு தெரியாதபோது பிரெய்னார்ட் மெதுவாகப் போ என்கிறார். விலையேற்றம் எவ்வளவு காலம் தானாகத் தொடரும் என்பதே தெரியாது என்றால், அது நெடுங்காலம் தொடரும் என்ற மோசமான நிலைக்கு அஞ்சி இப்போதே வலுவாகப் போ என்று முன்னெச்சரிக்கை வழி சொல்லக்கூடும். ஐயம் என்றாலே நிதானம் என்பது ஆகவே பொது விதி அல்ல. ஐயம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. தானாகவே நிலைக்கும் அமைப்பில் நிதானம் மலிவு. தானாக விலகிச் செல்லும் அமைப்பில் நிதானமே ஆபத்து. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் முன்னெச்சரிக்கையின் பக்கம் நிற்பேன், ஒரு குறையை ஒப்புக்கொண்டு: வகுத்த எல்லைக்குள் குறி மாறும் வாய்ப்பைச் சேர்க்கவில்லை என்றால் எத்தனை பெரிய இடைவெளி விட்டும் பயனில்லை. மில்லேனியம் பாலத்தில் நிகழ்ந்தது அதுவே.

ஓடிக்கொண்டே கற்பது

கேட்பதற்கு மிக இனிய வழி இது. நான் அதிகம் ஐயப்படுவதும் இதைத்தான். 1967 நவம்பர் 15 அன்று எக்ஸ்-15 ஆராய்ச்சி விமானம் சிதறி, விமானி மைக்கேல் ஆடம்ஸ் உயிரிழந்தார். மின் இடையூறு, திசை பற்றிய குழப்பம் என்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. விமானம் சுழலில் சிக்கி, அதிலிருந்து மீண்டு வந்தது. அதன்பின், தன்னைத்தானே சரிப்படுத்திக்கொள்ளும் எம்ஹெச்-96 கட்டுப்பாடு ஓர் அலைவில் மாட்டிக்கொண்டது. மெல்லிய காற்றில் வலுவான திருத்தம் தேவை. அடர்ந்த காற்றுக்குள் இறங்கும்போது அந்த வலுவைக் குறைக்க வேண்டும். குறைக்க வேண்டிய வேளையில் கருவி குறைக்கவில்லை.

கற்பதில் இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. அறையின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி மிகச் சரியாக வேலை செய்தால், உலை எரிவதற்கும் அறைச் சூட்டுக்கும் தொடர்பே இல்லாததுபோல் தரவு காட்டும். கட்டுப்பாடு எவ்வளவு நல்லதோ, அதிலிருந்து கற்பதற்கு அவ்வளவு குறைவாகவே மிஞ்சும். பொறியாளர் இதற்காக உள்ளீட்டில் வேண்டுமென்றே சிறு சோதனைச் சமிக்ஞையைக் கலக்கிறார், அல்லது பாலத்தின் மேல் ஆட்களை நடக்கவிடுகிறார். கற்றுக்கொள்வதற்காக வட்டி விகிதத்தை அப்படிக் குலுக்கிப் பார்க்க எந்த மைய வங்கிக்கு மனம் வரும்? குறியே தெரியாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஓட்டத்திலேயே தன்னைத் திருத்திக்கொள்ளும் தகவமைப்புக் கட்டுப்பாட்டில் விளைவின் குறி முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும் என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். தெரியாமலும் நிலைப்படுத்தலாம் என்று 1983-இல் ரோஜர் நஸ்பாம் நிறுவினார். வழி என்னவென்றால், கட்டுப்படுத்தி ஒரு திசையில் தள்ளிப் பார்க்கும், சரிப்படாவிட்டால் எதிர்த்திசையில் இன்னும் வலுவாகத் தள்ளும், பிறகு மறுபடி திரும்பும். கணிதமாக அது அழகு. ஒரு நாட்டின் வரவுசெலவுத் திட்டமாக அதை யாரும் தாக்கல் செய்ய முடியாது.

எளிய விதி

பொருளியலாளர் ஜான் டெய்லர் 1993-இல் மைய வங்கிகளுக்கு முன்வைத்த விதியில் இருப்பவை இரண்டே கணக்குகள்: விலையேற்றம் ஒரு புள்ளி ஏறினால் வட்டியை 1.5 புள்ளி ஏற்று. உற்பத்தி தன் இயல்பான அளவை ஒரு சதவீதம் மிஞ்சினால் 0.5 புள்ளி ஏற்று. ஒரு மாதிரிக்கென உகந்ததாகக் கணக்கிட்ட நுட்பமான விதியை வேறொரு மாதிரியில் ஓட்டினால் சில வேளை நிலைகுலைகிறது. இத்தகைய எளிய விதிகளோ பல மாதிரிகளில் சுமாராகவேனும் தாக்குப்பிடிக்கின்றன என்று அதன்பின் வந்த ஆய்வுகள் கண்டன. டாயில் தன் துறையில் கண்டதற்கு இது பங்காளி. அந்த 1.5 ஒன்றைவிடப் பெரிதாக இருப்பதிலும் பொருள் இருக்கிறது: ஒன்றுக்குக் கீழே போனால், விலை ஏறும்போது உண்மை வட்டி (விலையேற்றத்தைக் கழித்த வட்டி) இறங்கி, தணிக்க வேண்டிய விதி தூண்டிவிடும். விதியை எழுதியவர் குறியின் எல்லையிலிருந்து அரைப் புள்ளி தள்ளி நின்றிருக்கிறார்.

ஆகவே என் வரிசை இப்படி அமைகிறது: எளிய விதி முதலில், அதை ஒன்றுக்கொன்று முரண்படும் மூன்று நான்கு மாதிரிகளில் ஓட்டி, எந்த எண் எங்கே போனால் குறி மாறுகிறது என்று தேடும் சோதனை அடுத்து; அமைப்பு தானாக நிலைக்கக்கூடியது என்று தெரிந்தால் மட்டும் நிதானம்; சோதித்துப் பார்க்க வழியுள்ள இடத்தில் மட்டும் கற்றல். மாதிரியைப் பெரிதாக்குவதை இவ்வரிசையில் நான் சேர்க்காததற்குக் காரணம், நிதியத்தின் மாதிரிக்குச் சமன்பாடுகள் போதாமல் இல்லை என்பதே. 0.5 என்ற ஓர் எண்ணை 1.5 ஆக்கி ஒருமுறை ஓட்டிப் பார்க்க, மேலே நாம் போட்ட நான்கு வரிக் கணக்கே போதுமானதாக இருந்தது.