ஒரு மாதச் சம்பளம் போச்சு: அட்டென்யுவேட்டர் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடங்கிவிட்டால் மரியாதையாக எழுதித் தொலைத்துவிடுவேன்.

கிடார் டியூப் ஆம்பின் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்குகிற பெட்டி) சத்தத்தைக் குறைத்து வாசிக்க ஓர் அட்டென்யுவேட்டர் வாங்கினேன். பழைய, புதிய இசைக்கருவிகளை யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்கிற வகை இணையச் சந்தை ஒன்றில். பெயரைப் போட்டால் இந்தப் பதிவையே தூக்கிவிடுவார்கள், அதனால் போடவில்லை. கொடுத்தது முழுசாக ஒரு மாதச் சம்பளம். வந்தது ஒரு தகரப் பெட்டி, உள்ளே நாலு ரெசிஸ்டர் (மின்தடை). என்ன நடந்தது என்று சொல்லிவிட்டு, எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

டியூப் ஆம்ப் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். என்னுடையது 50 வாட். வால்யூமை ஒன்றரையில் வைத்தால் ஒல்லியான, உயிரில்லாத சத்தம். பவர் டியூப்கள் திணற ஆரம்பிக்கும் இடத்தில்தான் அந்த டோனே பிறக்கிறது. அந்த இடத்துக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். 50 வாட்டுக்குப் பதில் 25 வாட் ஆம்ப் வாங்கிக்கொள் என்பார்கள். வாட்டைப் பாதியாக்கினால் குறைவது 3 டெசிபெல்தான், காதுக்கு அது பெரிதாகத் தெரியவே தெரியாது. 50-ஐ 5 ஆக்கினால்தான் 10 டெசிபெல் குறைந்து, சத்தம் ஏறக்குறைய பாதியானது போல இருக்கும். வீட்டில் நிம்மதியாக வாசிக்க அரை வாட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து, மீதி சக்தியை எல்லாம் சூடாக்கிக் கரைக்கிற பெட்டிதான் அட்டென்யுவேட்டர்.

விளம்பரத்தில் இருந்தது: ‘ரியாக்டிவ் லோடு, 100 வாட், 8 ஓம்’. லோடு என்றால் ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்கிற பாரம், ஓம் என்றால் அது மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பின் அளவு. இந்த ‘ரியாக்டிவ்’ என்ற சொல்லுக்காகத்தான் அந்த விலை. 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் எல்லா ஸ்வரத்துக்கும் 8 ஓம் இல்லை. கீழ் ஸ்வரங்களில், அதன் கூம்பு தானாகவே அதிரும் ஒத்ததிர்வு இடத்தில் பல மடங்கு ஏறும், அப்புறம் இறங்கும், மேலே போகப் போகத் திரும்பவும் ஏறும். ஆம்ப் இந்த ஏற்ற இறக்கத்தோடு மல்லுக்கட்டுவதில்தான் அதன் குணம் இருக்கிறது. வெறும் ரெசிஸ்டரைப் போட்டால் எல்லா இடத்திலும் ஒரே 8 ஓம். சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாகிவிடும். ரியாக்டிவ் வகையில் காயிலும் (கம்பிச் சுருள்) கெபாசிட்டரும் (மின்தேக்கி) சேர்த்து ஸ்பீக்கரின் நடத்தையைப் போலியாக உருவாக்குவார்கள். காயில் என்றால் கனம், செப்பு. விலை ஏறுவதும் அதனால்தான்.

விற்றவரிடம் போனில் பேசினேன். இங்கேதான் விழுந்தேன். அந்த ஆள் எடுத்த எடுப்பில், “தம்பி, உங்க ஆம்ப் பின்னாடி ஸ்பீக்கர் ஜாக்ல எத்தனை ஓம் போட்டிருக்கு, முதல்ல அதைச் சொல்லுங்க” என்று கேட்டார். திருட எண்ணுகிறவன் இதைக் கேட்பானா? 8 என்றதும், “சரி, அப்ப பொருந்தும். 16-னு சொல்லியிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்” என்றார். 50 வாட் ஆம்புக்கு 50 வாட் பெட்டி போதாதா அண்ணா என்று கேட்டேன். “அது பிசிறில்லாத சுத்தமான சத்தத்துக்குப் போட்ட கணக்கு தம்பி. முழுசாத் திறந்தா 70-க்கு மேல கூடப் போகும். எப்பவும் ரெண்டு மடங்கு எடுக்கணும்” என்றார். அத்தனையும் உண்மை! ஒரு வார்த்தை தப்பில்லை. கிடார் கேபிளை ஸ்பீக்கருக்குப் போட்டுவிடாதீர்கள் என்று கூடச் சொன்னார். பொருளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் யோக்கியன். போனை வைத்த கையோடு ஒரு மாதச் சம்பளத்தை அனுப்பினேன்.

பெட்டி வந்ததும் தூக்கிப் பார்த்தேன், ஒரு கையில் வந்துவிட்டது. 100 வாட்டைத் தாங்கும் காயில் உள்ளே இருந்தால் இப்படியா இருக்கும்? இணைத்து வாசித்தால் சத்தம் மந்தம். குறைந்த ஒலியில் நம் காதுக்கே அடிப்பகுதியும் உச்சமும் குறைவாகத்தான் கேட்கும், ஸ்பீக்கர் கூம்பும் சரியாக அசையாது. அந்தக் குறை எந்த நல்ல பெட்டியிலும் இருக்கும். இது அந்த மந்தம் இல்லை.

ஒரு மாலை வால்யூமை ஏழுக்கு ஏற்றி கிடாரில் ஒரு கார்டை (ஸ்வரக் கூட்டை) இழுத்து நிறுத்தினேன். வார்னிஷ் கருகிய வாடை. அடுத்த நொடி சத்தம் படக்கென்று நின்றது, ஆம்புக்குள்ளிருந்து ‘டிக் டிக்’ என்று ஒரு பொறி சத்தம். ஓடிப்போய் ஆம்பை ஓய்வில் வைக்கிற ஸ்டாண்ட்பை சுவிட்சைத் தட்டினேன். அதற்குள் ஃபியூஸ் போயிருந்தது.

பெட்டியைத் திறந்தேன். திருகின் மேல் ‘கிழித்தால் உத்தரவாதம் ரத்து’ என்று ஸ்டிக்கர். உள்ளே வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர் நாலு, ஒரு சுழல் சுவிட்ச், கொஞ்சம் ஒயர். காயில் இல்லை, கெபாசிட்டர் இல்லை, சூட்டை இழுக்க ஓர் அலுமினியத் துண்டு கூட இல்லை. ஒவ்வொரு ரெசிஸ்டர் மேலும் 10 வாட், 8 ஓம் என்று தெளிவாக அச்சடித்திருந்தது. நாலும் சேர்த்து 40 வாட். 100 எங்கிருந்து வந்தது என்று அந்த அண்ணனைத்தான் கேட்க வேண்டும். இரண்டிரண்டாகக் கோர்த்த இரண்டு வரிசை. ஒரு ரெசிஸ்டர் நீளவாக்கில் பிளந்து கிடந்தது. அது போனதும் மொத்தப் பாரமும் அடுத்த வரிசையின் தலையில் விழுந்து, அதுவும் போய், ஆம்புக்கு லோடே இல்லாமல் ஆகியிருக்கிறது. லோடு இல்லாமல் டியூப் ஆம்பை ஓட்டினால் டியூபுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி, அதன் மின்காப்பே எரிந்துவிடும்.

ஆம்ப் பார்க்கிறவர் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். ஈஎல்34 என்கிற பவர் டியூபின் மூன்றாவது பின்னிலிருந்து பக்கத்துப் பின் வரைக்கும் பென்சிலால் கிழித்த மாதிரி கரிக்கோடு. பொறி தாவிய தடம். டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது அதிர்ஷ்டம் என்றார். ஒரு ஜோடி டியூப், ஒரு சாக்கெட் மாற்றியாயிற்று. ஏற்கெனவே போன ஒரு மாதச் சம்பளம் போக, அந்தச் செலவு தனி.

இனிமேல்தான் கூத்து. விற்றவருக்கு போன் போட்டால், “உங்க டியூப் பழசா இருந்திருக்கும் தம்பி”. அப்புறம், “கேபிள் என்ன போட்டீங்க?” ஸ்பீக்கர் கேபிள்தான், நீங்கள் சொன்னதுதான் என்றேன். படம் அனுப்பினேன். “ஸ்டிக்கரைக் கிழிச்சிட்டீங்களே, இனி நான் என்ன பண்ண முடியும்?” அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

சந்தையிடம் போனால், முதலில் விற்பவரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர் எடுப்பதில்லை என்றேன். படம் கேட்டார்கள், அனுப்பினேன். ‘பொருள் விளக்கத்தில் உள்ளபடியே உள்ளது’ என்று பதில் வந்தது. ஐயா, விளக்கத்தில் ரியாக்டிவ் என்று இருக்கிறது, உள்ளே ஒரு சுற்றுக் கம்பி இல்லை என்று திரும்ப எழுதினேன். ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ என்று கேட்டு வந்தது பாருங்கள் ஒரு செய்தி! ஒரு மாதச் சம்பளம் போனவனிடம் நட்சத்திரம் கேட்கிறார்கள். அந்த விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது, ‘ஒன்றே ஒன்று மீதம்’ என்ற வரியோடு.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்கு மனசு இல்லை. சுருக்கமாக: ரியாக்டிவ் என்று சொன்னால் மூடியைத் திறந்த படம் கேளுங்கள், காயில் கண்ணில் பட வேண்டும். எடை எவ்வளவு என்று கேளுங்கள். ஓம் ஆம்போடு பொருந்தட்டும், வாட் இரண்டு மடங்கு இருக்கட்டும், ஆனால் பெட்டி மேல் அச்சடித்த வாட்டை நம்பாதீர்கள். எஃபெக்ட்ஸ் லூப்பில் (எஃபெக்ட் பெட்டிகளை இணைக்க ஆம்பின் பின்னால் இருக்கும் ஜாக்குகள்) செருகுகிற சின்ன வால்யூம் பெட்டியையும் இதே பெயரில் விற்கிறார்கள். அதை ஸ்பீக்கர் பக்கம் மாட்டினால் ஆம்ப் காலி. வாடை வந்தால் யோசிக்காமல் உடனே ஸ்டாண்ட்பை. பணத்தை விற்கிறவர் கணக்குக்கு நேராக அனுப்பாதீர்கள், திரும்பக் கேட்க வழியுள்ள கார்டில் கட்டுங்கள்.