லீன் ஓட்டம்: ஸ்கேனரா, புகை மெஷினா?

மாற்றியமைத்த காரில் செக் எஞ்சின் விளக்கு எரிந்து பி0171 என்ற பிழைக் குறியீடு வந்தால் கலவை லீன், அதாவது பெட்ரோலுக்குக் காற்று அதிகம். கோலாலம்பூர் பட்டறைகளில் சிலர் நேராக, குழாய்களுக்குள் புகை செலுத்திக் கசிவைத் தேடும் புகை மெஷினை எடுப்பார்கள், சிலர் காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகுவார்கள். நான் ஸ்கேனர் கட்சி.

உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள கார் என்றால், ஸ்கேனரில் தெரியும் ஃபியூல் ட்ரிம் (கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண்) பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஐடிலில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது +20%, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் வாக்யூம் கசிவை, அதாவது மீட்டர் அளக்காத காற்று இன்டேக்கில் நுழைவதைச் சந்தேகிக்கலாம். ஐடிலில் ஒழுங்காக இருந்து, காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் மட்டும் எகிறினால் பம்ப், ஃபில்டர், எரிபொருள் அழுத்தம் பக்கம் போங்கள். முழு த்ராட்டிலில் ட்ரிம் உதவாது, காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் வேண்டும். பெட்ரோல் டர்போவில் முழு பூஸ்டில் (டர்போ தரும் காற்றழுத்தத்தில்) 11.5 - 12 அளவில் இருக்க வேண்டிய விகிதம் 13ஐத் தாண்டினால் உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். இல்லையென்றால் பிஸ்டனுக்கே ஆபத்து. இன்னொன்று: ஹெடர் (எஞ்சினோடு சேரும் எக்ஸாஸ்ட் குழாய்கள்) மாற்றிய காரில், ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிந்தால் அந்த சென்சார் லீன் என்று பொய் சொல்லும்.

புகை மெஷினின் பலம், கசியும் இடத்தையே காட்டுவது. இன்டேக் கேஸ்கெட், எஞ்சின் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி ஹோஸ் எல்லாம் நிமிடங்களில் பிடிபடும். ஆனால் அது மெல்லிய அழுத்தத்தில் ஓடுவது. பூஸ்ட் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும் இன்டர்கூலர் குழாய் அதில் தப்பிவிடும். களைத்த பம்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ட்ரிம் கசிவைக் காட்டிய பிறகு அதற்குக் காசு கொடுக்கலாம், சரி.