மாத ஊசியா, தினசரி மாத்திரையா: எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு நான் எடுத்த முடிவு

எண்டோமெட்ரியோசிஸ் என்றால் கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். எனக்கு அது இடது சினைப்பையில் 4 சென்டிமீட்டர் சாக்லேட் கட்டியாக (பழைய ரத்தம் தேங்கிய கட்டி) வந்தது. லேப்ராஸ்கோப்பியில் எடுத்த பிறகு டாக்டரம்மா சொன்னார்: "கட்டியைத்தான் எடுத்திருக்கோம், நோய் உள்ளேதான் இருக்கு. ஹார்மோனை அடக்கலைன்னா திரும்ப வந்துடும்." முதல் மூன்று மாதம் லியூப்ரோலைட் ஊசி போட்டுக்கொண்டேன். அப்புறம் டயனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் மாத்திரைக்கு மாறி இரண்டேகால் வருடம் ஆகிறது. என் ஓட்டு மாத்திரைக்குத்தான்.

வலியைக் குறைப்பதில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. 2010-ல் வெளியான 24 வார ஆய்விலும் சமமாகவே வந்தன. வேலை செய்யும் விதம்தான் வேறு. கருப்பைக்கு வெளியே ஒட்டி வளரும் இந்தத் திசுவில், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பிகளில் பீட்டா வகை அளவுக்கு மீறி இருக்கிறது. அரோமட்டேஸ் நொதியை வைத்துத் தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனையும் அது அங்கேயே தயாரித்துக்கொள்கிறது. அதனால் புரோஸ்டாகிளாண்டின் என்ற வலி தூண்டும் பொருள் கூடி, வீக்கமும் வலியும் வருகின்றன. அந்தப் புரோஸ்டாகிளாண்டினே மறுபடி அரோமட்டேஸைத் தூண்டிவிடுகிறது.

ஊசி மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை அடக்கி, ஈஸ்ட்ரோஜனை மாதவிடாய் நின்றவர்களின் அளவுக்கு இறக்கிவிடும். மாத்திரை, புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனின் ஏற்பியில் போய் உட்காரும். ஈஸ்ட்ரோஜன் குறையும், அடியோடு வற்றாது. ஆனால் இந்தத் திசுவில் புரோஜெஸ்டிரோன் ஏற்பி, முக்கியமாக பி வகை, குறைவு. சிலருக்கு மாத்திரை கேட்காமல் போவதற்கு இது ஒரு காரணம். எனக்குக் கேட்டது.

நான் முடிவெடுத்தது ஒரே ஒரு கேள்வியை வைத்து: எத்தனை வருடம் தாங்கும்? மருந்தை நிறுத்தினால் வலி பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். எனக்கு 33 வயது. மாதவிடாய் தானாக நிற்க இன்னும் பல வருடம் ஆகலாம். ஊசியைத் தனியாகப் போட்டால் 6 மாதம்தான். கூடவே கொஞ்சம் ஹார்மோன் மாத்திரை சேர்த்தால் ஒரு வருடம் வரை போகலாம். காரணம் எலும்பு. அதே 2010 ஆய்வில் ஊசி போட்டவர்களுக்கு இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி சுமார் 4 சதவீதம் குறைந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்குக் குறையவில்லை. என் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அந்த 4 சதவீதம் எனக்குச் சின்ன எண் இல்லை. பதின்வயதுப் பெண்களுக்கு மாத்திரையிலும் கொஞ்சம் குறைவது பார்க்கப்பட்டிருக்கிறது. மகளுக்காகப் படிப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊசியில் உடம்பும் பட்டது. மார்கழி ராத்திரியில் ஃபேனை ஐந்தில் வைத்துப் படுத்தும், இரண்டு மணிக்கு எழுந்தால் தலையணை உறை ஈரமாக இருக்கும்.

மாத்திரையிலும் தொல்லை இல்லாமல் இல்லை. முதல் நாலு மாதம் எப்போது ஸ்பாட்டிங் வரும் என்றே தெரியாது. ஆபீஸுக்குக் கறுப்பு, கருநீல பேன்ட் மட்டும்தான். கைப்பையில் எப்போதும் ஒரு பேட். ஐந்தாம் மாதம் நின்றது. இரவு 9 மணிக்கு அலாரம் வைத்துப் போடுகிறேன். இதைக் கருத்தடை மாத்திரையாக நம்பக்கூடாது, ஆணுறை வேண்டும். மனச்சோர்வு இருந்தவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் மூன்றாவது வழி. தினமும் நினைவு வைக்க வேண்டாம், வருடக்கணக்கில் இருக்கும். ஆனால் அதைப் போட்டாலும் பலருக்குக் கருமுட்டை வெளிவருவது தொடரும். எனக்குக் கட்டி வந்ததே சினைப்பையில் என்பதால் வேண்டாம் என்றேன். தோழி ஒருத்தி போட்டு நிம்மதியாக இருக்கிறாள். நான் போட்டதில்லை, அதனால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

குழந்தைக்கு முயற்சி செய்பவர்களுக்கு இந்த மூன்றுமே பொருந்தாது. மற்றவர்கள், மாத்திரை தொடங்கி ஆறு மாதம் ஆகியும் வலி அப்படியே இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், டாக்டரிடம் போய் மாற்றிக் கேளுங்கள். அந்த நிலையில் நானும் ஊசியைத்தான் கேட்டிருப்பேன்.