தெளிந்த தண்ணீரை நம்பாதீர்கள்: வீட்டு ஹாட் டப்போடு இரண்டரை வருஷம்

கனடாவில் கிச்சனரில் இருக்கிறோம். வீட்டின் பின்பக்கம் ஹாட் டப், அதாவது ஜெட்டில் தண்ணீர் பீய்ச்சும் வெந்நீர்த் தொட்டி, வந்து இறங்கி இரண்டரை வருஷம் ஆகிறது. ஐந்து பேர் உட்காரலாம், 1,300 லிட்டர் பிடிக்கும். அம்மா ஈரோட்டிலிருந்து எங்களோடு இருக்க வந்த முதல் பனிக்காலத்திலேயே அவருக்கு முழங்கால் வலி கூடிப்போனது. வெந்நீரில் உட்கார்ந்து எழுந்தால் இதமாக இருக்கும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகுதான் வாங்கினோம். மோட்டார், ஜெட், விளக்கு பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது தண்ணீரைப் பற்றி மட்டும். முதல் மூன்று மாதம் நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்ட விதம் தப்பு. அதன் பலனை என் மகள் அனுபவித்தாள்.

டப்போடு கடையில் ஒரு பெட்டி கொடுத்தார்கள். குளோரின் குருணை, பி.எச். (தண்ணீரின் அமில-காரத் தன்மை) ஏற்றும் தூள், இறக்கும் தூள், தண்ணீரைப் பளிச்சென்று ஆக்கும் திரவம், நுரை அடக்கும் திரவம், நிறம் மாறும் காகிதப் பட்டைகள். "கிருமி கொல்லும் ஓசோன் கருவி இருக்கிறது, வாரத்துக்கு ஒரு ஸ்பூன் போட்டால் போதும்" என்றார் விற்றவர். தோட்டத்துக் குழாயில் ஹோஸ் மாட்டி நிரப்பினேன், சூடு ஏறியது, ஞாயிறு தவறாமல் ஒரு ஸ்பூன் போட்டேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கிடக்கும் ஹேர்பின்கூடத் தெரியும். அதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

மூன்றாம் மாதம் மகளின் பிறந்தநாள். நான்கு பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் அதற்குள்ளேயே கிடந்தார்கள். இரண்டு நாள் கழித்து, "அப்பா, முதுகெல்லாம் அரிக்குது" என்று வந்து நின்றாள். வேர்க்குரு போலச் சிவந்த பருக்கள். நீச்சல் உடை மூடியிருந்த இடத்தில்தான் அதிகம். டாக்டர் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "சமீபத்தில் ஹாட் டப்பில் இறங்கினாளா?" என்பதுதான். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. முடிக்கால்களுக்குள் புகுந்து இப்படிப் பருக்களைக் கிளப்பும், பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும் என்றார். அவளுக்கு ஒரு வாரத்தில் ஆறியது. மற்ற மூன்று வீடுகளுக்கும் நானே ஃபோன் செய்து சொன்னேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் அம்மா. இதே மாதிரி வெதுவெதுப்பான தண்ணீரில் வளரும் இன்னொன்று லீஜியோனெல்லா. ஜெட் கிளப்பும் நீர்த்திவலையோடு மூச்சில் போய் நிமோனியா கொண்டுவரும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல். அம்மாவுக்கு 68.

அடுத்த நாளே டப்பை மூடிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். மூன்று தப்புகள் தெரிந்தன.

முதலாவது, புது டப் என்றால் சுத்தமான டப் என்று நினைத்தது. தொழிற்சாலையிலேயே தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். வடித்த பிறகும் பைப்புகளில் கொஞ்சம் தங்கிவிடும். அது கிடங்கிலும் கடையிலும் மாதக்கணக்கில் கிடக்கும்போது உள்ளே படலம் கட்டும். நம் வீடுகளில் தண்ணீர்க் குடத்தை இரண்டு மூன்று நாள் தேய்க்காமல் விட்டால் உள்பக்கம் வழவழவென்று பிடிக்குமே, அதேதான். இதற்கு பயோஃபிலிம் என்று பெயர். அதற்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரின் எளிதில் எட்டாது. பைப் கழுவும் ஜெல் வாங்கி, ஃபில்டரைக் கழற்றிவிட்டு, சூடான தண்ணீரில் கலந்து ஜெட்டை முழு வேகத்தில் ஓட்டினேன். பத்து நிமிஷத்தில் நுரை பொங்கியது. அரை மணியில் நீர்மட்டத்தை ஒட்டிச் சுற்றிலும் பழுப்பு நிறத்தில் மெழுகு போல ஒரு வளையம். விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. மூன்றே மாதமான டப். அந்தக் கண்ணாடித் தண்ணீருக்குப் பின்னால் இருந்தது இதுதான்.

இரண்டாவது தப்பு, வாரத்துக்கு ஒரு ஸ்பூன் என்ற கணக்கு. 40 டிகிரி வெந்நீரில் உட்காரும் உடம்பு வியர்த்துக்கொண்டே இருக்கும். அந்த வியர்வை, எண்ணெய், தோல் துகள் எல்லாவற்றையும் எரிக்க வேண்டியது குளோரின். அதனால் கிழமையை விட்டுவிட்டு ஆளைக் கணக்கு வைக்க வேண்டும். ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், எங்கள் டப்பின் அளவுக்கு சுமார் 7 பி.பி.எம். (லிட்டருக்கு 7 மில்லிகிராம்) குளோரின் செலவாகிறது. 12 சதவீத நீச்சல்குளக் குளோரின் திரவத்தில் சொன்னால் 75 மில்லி. பிறந்தநாளன்று நான்கு பிள்ளைகளும் உட்கார்ந்தது ஆறு ஆள்-மணி. நான் போட்டிருந்தது அந்த வாரத்து ஒரு ஸ்பூன். ஓசோன் கருவியையும் நம்பி இருக்க முடியாது. ஆள் இறங்காத நேரத்தில் அது குளோரினையும் சேர்த்தே தின்கிறது. நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடமிருந்து வரும் கிருமியைத் தடுக்கத் தண்ணீரில் குளோரின் கரைந்தே இருக்க வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பொது நீச்சல்குளத்தில் மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் "குளோரின் ஜாஸ்தி" என்போம். அது பெரும்பாலும் நேர்மாறு. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து பாதி எரிந்த குளோரினின் வாடை அது. போதுமான குளோரின் உள்ள தண்ணீரில் அந்த நெடி அநேகமாக இருக்காது. பிறந்தநாளுக்கு மறுநாள் எங்கள் டப்பின் மூடியைத் திறந்தபோது அந்த வாடை வந்தது. அதை நல்ல அறிகுறி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது தப்பு கண்ணுக்கே தெரியாதது. பெட்டியில் வந்த குருணையின் பெயர் டைகுளோர். அது கரையும்போது குளோரினோடு சையனூரிக் அமிலமும் தண்ணீரில் சேர்கிறது. 10 பி.பி.எம். குளோரினுக்கு 9 பி.பி.எம். அமிலம். குளோரின் செலவாகித் தீரும், இது தீராது. தண்ணீரை வடித்தால்தான் போகும். கொஞ்சம் இருந்தால் நல்லதுதான், குளோரினின் காட்டத்தைக் குறைத்துத் தோலையும் மூடியையும் காக்கும். ஏறிக்கொண்டே போனால் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும். பட்டை 4 காட்டும், ஆனால் கிருமியைக் கொல்ல வேலைக்கு வருவது துளிதான். வாரத்துக்கு ஒரு ஸ்பூன் போட்ட எனக்கு இது பெரிதாக ஏறியிருக்காது. ஆனால் பயந்துபோய், அடுத்த நிரப்பலில் தினமும் டைகுளோரை அள்ளிப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து அளந்தால் 200க்கு மேல்.

அப்போதிருந்து முறையை மாற்றிவிட்டேன். புதுத் தண்ணீருக்கு முதல் ஐந்தாறு நாள் மட்டும் டைகுளோர். சையனூரிக் அமிலம் 30 வந்ததும் நிறுத்திவிட்டு, அதன் பிறகு திரவக் குளோரின். அது கிடைக்காத குளிர்காலத்தில் வாசனையோ கெட்டிப்படுத்தும் சரக்கோ சேர்க்காத சாதாரண ப்ளீச், சதவீதத்தைப் பார்த்து அளவைக் கூட்டி. டைகுளோரையும் திரவத்தையும் எந்தக் காரணத்துக்கும் ஒரே பாத்திரத்தில் கலக்கக் கூடாது. குளோரின் எதையும் பி.எச். இறக்கும் தூள் போன்ற அமிலத்தோடு சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும். குளோரினையும் அந்தத் தூளையும் எங்கள் கராஜில் எதிரெதிர் மூலையில் வைத்திருக்கிறேன்.

இத்தனையும் அளக்காமல் நடக்காது. காகிதப் பட்டையை நான் விட்டுவிட்டேன். 3க்கும் 5க்கும் உள்ள ஊதா வித்தியாசத்தை மாலை வெளிச்சத்தில் யாராலும் சொல்ல முடியாது. டெய்லர் கே-2006 என்ற சொட்டு மருந்துப் பெட்டி வாங்கினேன். இந்த இரண்டரை வருஷத்தில் டப்புக்காக வாங்கியதில் இதுதான் உருப்படியான செலவு. சின்னக் குழாயில் 10 மில்லி தண்ணீர் எடுத்து, இரண்டு சிட்டிகை தூள் போட்டுச் சுழற்றினால் ரோஜா நிறமாகும். அப்புறம் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுழற்ற வேண்டும். நிறம் மங்கி மங்கி வந்து, ஏதோ ஒரு சொட்டில் சட்டென்று நிறமே இல்லாமல் தெளிந்துவிடும். ஒரு சொட்டுக்கு 0.5 பி.பி.எம். குளோரின். எட்டாவது சொட்டில் தெளிந்தால் 4. கண் அளவு தேவையில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். இப்போது மகள்தான் எண்ணுகிறாள், எட்டு வந்தால்தான் பாட்டியை இறங்க விடுவாள். சையனூரிக் அமிலத்தை அளப்பது இன்னும் விசித்திரம். கலங்கிய கரைசலைக் குழாயில் ஊற்றிக்கொண்டே வந்து, அடியில் இருக்கும் கரும்புள்ளி எந்த அளவில் மறைகிறது என்று மேலிருந்து பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் பயன்பட்ட சோதனை ஒன்று. யாரும் இறங்காத ஒரு நாளில் இரவு 10 மணிக்கு அளந்து, மறுநாள் அதே நேரத்தில் திரும்ப அளப்பேன். 6 இருந்தது 4.5 ஆனால் சரி. ஓசோன் ஓடினால் பாதிவரைகூடப் போகும், ஆகவே இந்தச் சோதனைக்கு அதை அணைத்துவிடுவேன். 6 இருந்தது 1க்கு இறங்கினால் உள்ளே எதுவோ தின்கிறது என்று பொருள், பைப்பைக் கழுவ வேண்டிய நேரம்.

இனி எங்கள் ஊர்த் தண்ணீருக்கு வருகிறேன். டொராண்டோவில் ஏரித் தண்ணீர், பெரிய தொல்லை இல்லை. கிச்சனர், கெல்ஃப் பக்கமெல்லாம் நிலத்தடி நீர் அதிகம். ஈரோட்டுப் பக்கம் எங்கள் ஊர் போர் தண்ணீரைப் போலப் பருப்பு வேகாத தண்ணீர். அதனால்தான் இங்கே வீட்டுக்கு வீடு சுண்ணாம்பை எடுக்கும் சாஃப்ட்னர் கருவி இருக்கிறது. ஆனால் தோட்டத்துக் குழாய் பெரும்பாலும் சாஃப்ட்னர் வழியாக வராது. நான் முதலில் நிரப்பியது அந்தத் தண்ணீரைத்தான். அளந்தபோது கடினத்தன்மை 360 பி.பி.எம். சுண்ணாம்பு சூட்டில் படியும், ஊரில் ஹீட்டர் ராடில் வெள்ளையாகக் கட்டுமே, அதேபோல டப்பின் ஹீட்டரிலும் கட்டும். முழுக்க சாஃப்ட்னர் தண்ணீரை ஊற்றினால் சுண்ணாம்பே இல்லாமல் போய்விடும், அதில் நுரை தள்ளும். இப்போது பாதி தோட்டத்துக் குழாய், பாதி சாஃப்ட்னர் வழியாக வரும் பேஸ்மென்ட் குழாய். 180 வருகிறது, இருக்க வேண்டியது 150க்கும் 250க்கும் நடுவில்.

சாஃப்ட்னர் சுண்ணாம்பை எடுக்குமே தவிர அல்கலினிட்டியை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் காரத்தின் அளவை, தொடாது. எங்கள் தண்ணீரில் அது 260. ஜெட் காற்றைக் கலக்கக் கலக்க, கரைந்த கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறிக்கொண்டே போகும். அல்கலினிட்டி அதிகமாக இருந்தால் ஏற்றமும் வேகமாக இருக்கும். முதல் வருஷம் பி.எச். இறக்கும் தூளை வாரம் மூன்று முறை போட்டு அலுத்துப்போனேன். அப்புறம்தான் நிரப்பிய உடனேயே அல்கலினிட்டியை 60க்குக் கொண்டுவரக் கற்றேன். மொத்தம் ஏறக்குறைய 600 கிராம் சோடியம் பைசல்ஃபேட் (அதே பி.எச். இறக்கும் தூள்தான்), ஒரேயடியாக அல்ல, மூன்று நாளில் சிறுகச் சிறுக. ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து வைத்து ஜெட்டை ஓட்டினால் பி.எச். மட்டும் மேலே ஏறி வரும், அல்கலினிட்டி இறங்கிய இடத்திலேயே நிற்கும். அந்த மூன்று நாள் பொறுமை அடுத்த மூன்று மாதத்தை எளிதாக்கிவிடுகிறது. பி.எச். 7.4க்கும் 7.8க்கும் இடையில் தானாக நிற்கிறது.

நுரைதான் அம்மா முதலில் கவனித்தது. "நொரைக்குது பாரு கண்ணு, ஆரோ சோப்புப் போட்டாப்ல" என்றார். நுரை அடக்கும் திரவம் ஒரு மணி நேரம் அடக்கும், மறுபடி வரும். காரணம் இரண்டு. துணிசோப்புப் பவுடரில் துவைத்த நீச்சல் உடைகள் ஒன்று. இன்னொன்று, அம்மா இறங்குமுன் முழங்காலில் தேய்த்துக்கொள்ளும் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். தலைக்கு வைக்கும் எண்ணெயும் கூட. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் மடிப்புகள் மஞ்சள் பாரித்து, தண்ணீர் ஒட்டாமல் உருண்டது. எண்ணெயை விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அது அவருக்குப் பல வருஷப் பழக்கம். வெந்நீரில் குளித்துவிட்டு இறங்குவது, ஏறிய பிறகு எண்ணெய் தேய்ப்பது என்று வரிசையை மட்டும் மாற்றினோம். தோல் சூடாக இருக்கும்போது தேய்ப்பது இன்னும் நன்றாகப் பிடிக்கிறது என்கிறார். நீச்சல் உடைகளைச் சோப்பில்லாமல் அலசுகிறோம். நுரை நின்றுவிட்டது, அந்தத் திரவம் பாதிப் பாட்டிலில் அப்படியே இருக்கிறது.

ஃபில்டருக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஹோஸில் மடிப்பு மடிப்பாக அலசுவது, மாதம் ஒருமுறை ஃபில்டர் கழுவும் மருந்தில் இரவு முழுக்க ஊறவைப்பது. இரண்டு செட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள்.

இப்போது ஒரு நாள் வேலை இவ்வளவுதான். இறங்குமுன் சொட்டு எண்ணுவது, 3க்குக் கீழ் இருந்தால் ஊற்றி ஜெட்டை ஓட்டி, மறுபடி அளந்து பார்த்தே இறங்குவது. ஏறிய பிறகு எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று பார்த்துக் குளோரின் ஊற்றி, மூடியை 20 நிமிஷம் திறந்து வைப்பது. உடனே மூடி போட்டால் அந்த ஆவி மூடியையும் டப்புக்குள் தலை சாய்க்கும் தலையணைகளையும் அரித்துவிடும். அம்மாவுக்கு மட்டும் டாக்டர் சொன்னபடி 38 டிகிரி, 15 நிமிஷம். ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

தண்ணீர் மாற்றுவதில் பனிக்காலத்தை யோசிக்க வேண்டும். இங்கே ஜனவரியில் மைனஸ் 20 வரை போகும். வடித்த டப்பில் பைப் உறைந்து வெடித்தால் செலவு தாங்காது. அதனால் அக்டோபர் கடைசியில் பைப் கழுவி, வடித்து, புதுத் தண்ணீர் நிரப்பிவிடுகிறேன். அது மார்ச் வரை ஓடும். வடிப்பதற்குச் சில நாள் முன்பே குளோரினை நிறுத்தி, அளவு பூஜ்யம் ஆனதும் சம்ப் பம்ப் போட்டுப் புல்தரையில் விடுவேன். தெருவோர மழைநீர் வடிகாலில் விடக் கூடாது, அது நேரே ஓடைக்குப் போகிறது.

போன அக்டோபரில் ஜெல் போட்டு ஓட்டியபோது நுரை வெள்ளையாகவே இருந்தது. விளிம்பில் பழுப்பு வளையம் எதுவும் இல்லை. மகளைக் கூப்பிட்டு விரலால் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன்.