பொய்கை சந்தை ரோட்டுத் தீவனக் கடை: குதிரைக்காரர்கள் கவனத்துக்கு

பொய்கை சந்தைக்குப் போகிற ரோட்டில் இருக்கும் தீவனக் கடையில் எட்டு மாதமாக வாங்குகிறேன். அவர்களுக்கு மாட்டுத் தீவனம்தான் முக்கிய வியாபாரம், இருந்தாலும் வேலூரில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வைத்திருக்கும் நாங்கள் நாலைந்து பேர் அங்கேதான் போகிறோம். காரணம் குதிரை மசால், அதாவது லூசர்ன் என்கிற தீவனச் செடி. பேரிலேயே குதிரை இருக்கிறது, ஆனால் நன்றாகக் காய்ந்த மசால் நம் பக்கம் லேசில் கிடைக்காது.

இங்கே மசால் கட்டைப் பிரித்துக் காட்டித்தான் விற்கிறார்கள். நடுவில் கையை விட்டுப் பாருங்கள் என்று கடைக்கார பாயே சொல்வார், உள்ளே கதகதப்பாகவோ ஈரமாகவோ இருந்தால் அந்தக் கட்டை ஓரமாகத் தள்ளிவிடுவார். போன வாரம் எடுத்த கட்டில் இலை பச்சை மாறாமல் காம்போடு ஒட்டியிருந்தது, உதறினால் வெள்ளைப் பொடி பறக்கவில்லை, முகர்ந்தால் டீத்தூள் டப்பாவைத் திறந்த வாசம். பூஞ்சை பிடித்ததைக் குதிரைக்குப் போடவே கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான்.

எனக்கு இதெல்லாம் பட்டுத்தான் தெரிந்தது. முன்பு வேறு ஓர் இடத்தில் மலிவாகக் கிடைத்த தீவனத்தை ஒரே நாளில் மாற்றிப் போட்டேன், அன்று ராத்திரி என் செவலைக் குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, படுத்துப் புரண்டு, வியர்த்துக் கொட்டியது. டாக்டர் வந்து ஊசி போட்டார், விடிகாலையில் அது லத்தி போட்ட பிறகுதான் எனக்கு உயிரே வந்தது. புதுத் தீவனத்தை ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். பாய் இதைக் கேட்காமலேயே சொல்வார்.

இன்னொன்றும் அவர் சொல்லித்தான் திருத்திக்கொண்டேன். கொள்ளும் கோதுமைத் தவிடும்தான் குதிரைச் சாப்பாடு என்று நாங்கள் தாத்தா காலத்திலிருந்து போட்டு வந்தோம். "தவிட்டைக் குறை தம்பி, எலும்பு போயிடும்" என்றார். டாக்டரிடம் கேட்டால் அவரும் அதையேதான் சொன்னார்: தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு, வருஷக்கணக்கில் அதையே போட்டால் எலும்பு பலம் இழந்து முகமே வீங்கிப் போகும். இப்போது முந்நூறு கிலோ எடையுள்ள என் குதிரைக்கு நாளைக்கு ஐந்தாறு கிலோ காய்ந்த புல்லும் மசாலும், ஊறவைத்த கொள்ளு கொஞ்சம், கல்லுப்பு, அப்புறம் தொட்டி நிறையத் தண்ணீர். வேலூர் வெயிலுக்கு அந்தத் தண்ணீர் ரொம்ப முக்கியம்.

குறை ஒன்று உண்டு, பெரிய குறை. பாய் இல்லாத நேரத்தில் கடைப் பையன் மாட்டுத் தீவன மூட்டையைக் காட்டி "இதே குதிரைக்கும் ஆகும்ணா" என்றான். ஆகவே ஆகாது. கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனத்திலும் கலக்கும் மோனென்சின் என்ற மருந்தை மாடு தாங்கும், அதே அளவு குதிரையின் இதயத் தசையைக் கெடுத்து உயிரை எடுத்துவிடும். பாயிடம் நேரில் சொன்னேன், மூட்டையை வேறு பக்கம் மாற்றிவிட்டார், ஆனாலும் லேபிளைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள். குடற்புழு மருந்து டியூபையும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்கள், அது வேண்டாம். லத்தியைப் பரிசோதித்து, புழு இருந்தால் மட்டும் டாக்டர் சொல்கிற அளவில் கொடுங்கள். சும்மா சும்மா கொடுத்தால் புழுவுக்கு மருந்து பழகிவிடும், ஐவர்மெக்டின் என்கிற புழு மருந்து லத்தியோடு வெளியே வந்து மண்ணைக் கிளறுகிற சாணி வண்டுகளையும் பாதிக்கும்.

மற்றபடி இவர்கள் கட்டை நைலான் கயிற்றில் கட்டுவதில்லை, சணல்தான். குதிரை தப்பித் தவறி நைலானைத் தின்றால் குடலில் சிக்கிக்கொள்ளும், தெருவிலும் மக்காமல் கிடக்கும். காலிச் சாக்கைத் திருப்பிக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறார்கள். மக்கிய லத்தி வேண்டும் என்று கேட்ட ஒரு விவசாயியையும் பாய்தான் எனக்குக் காட்டினார், முன்பெல்லாம் சாக்கடை ஓரம் கொட்டிக்கொண்டிருந்தேன், இப்போது மாதம் ஒரு தடவை அவர் வண்டியோடு வந்து அள்ளிப் போகிறார்.

விலை வெளியே இருப்பதைவிடக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதல்தான். செவ்வாய்க்கிழமை சந்தைக் கூட்டத்தில் பாயிடம் பேசவே முடியாது, வேறு நாளில் காலையில் போங்கள்.