மூன்றாவது நிமிடத்தில்தான் வம்பு: வின்யாசா மாணவர்களும் யின் யோகாவும்

வின்யாசா, அஷ்டாங்கா என்று மூச்சோடு சேர்த்து ஆசனம் மாற்றிக்கொண்டே போகும் யோகா செய்து பழகியவர்களுக்கு யின் யோகா சொல்லிக்கொடுக்கலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். தாராளமாக. ஆனால் "ரிலாக்ஸ் பண்ணுங்க" என்ற வார்த்தையை நம்பி இறங்காதீர்கள். இத்தனை வருடத்தில் அதைக் கேட்டு ஒருவரும் தளர்ந்ததில்லை.

யின் என்றால் ஓர் ஆசனத்தில் 3 முதல் 5 நிமிடம் தசையை விட்டுவிட்டுக் கிடப்பது, இழுப்பு மூட்டைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவுக்குப் போவது எல்லாம் தெரிந்ததுதான். காலை நீட்டி உட்கார்ந்து முன்னே குனியும் பஸ்சிமோத்தானாசனத்தைக் 'கேட்டர்பில்லர்' என்று பெயர் மாற்றிக் கூப்பிடுவதே பழைய பழக்கம் கூட வரக்கூடாது என்பதற்காக. அப்படியும் வந்துவிடுகிறது. முழங்கால் சில்லு மேலே ஏறியிருக்கும், பாதம் விறைத்திருக்கும், தொண்டையைச் சுருக்கி விடும் உஜ்ஜாயி மூச்சின் இரைச்சல் வேறு. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய போர்வை வையுங்கள். தொடைமேல் போல்ஸ்டர் (தடித்த நீளத் திண்டு), நெற்றி அதில் பதியட்டும். எட்டவில்லை என்றால் மேலே ஒரு தலையணை. பிறகு தொடையின் முன்சதையைக் கையால் இடமும் வலமும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடினால் தளர்ந்திருக்கிறது. கல்லாக நின்றால் இன்னும் வின்யாசாதான்.

இதற்குப் பிறகுதான் அசல் தொல்லை. இரண்டு, மூன்று நிமிடத்தில் தசையின் பிடி குறைந்து உடம்பு கொஞ்சம் இடம் விடும். விறைப்பான ஆள் அதோடு நிம்மதியாவார். நன்றாக வளைகிறவரோ பஸ்ஸில் சீட் பிடிப்பதுபோல அந்த இடத்தைப் பிடித்து, கால்விரலைப் பற்றி இன்னும் உள்ளே இழுப்பார். மறுநாள் தொடை எலும்பு இடுப்பில் சேரும் இடத்தில் வலி என்று வருவதும் அவரேதான். முடிந்த ஆழத்தில் பாதியில் நிறுத்தி, உள்ளங்கையை மேல்நோக்கி வைக்கச் சொல்வது ஓரளவு உதவுகிறது. முதல் மாதம் 2 நிமிடம் போதும். எவ்வளவு நேரம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூட்டு இயல்பிலேயே தளர்வாக உள்ளவர்கள் அந்தப் பாதிக்கும் முன்பே நிற்க வேண்டும்.

ஸ்வான், அதாவது புறா ஆசனத்தின் யின் வடிவம், பற்றித் தனியாகத் திட்ட வேண்டும். ஒரு காலை முன்னே மடித்து மறுகாலைப் பின்னே நீட்டும் புறா ஆசனத்தில் முன்காலின் கீழ்ப்பகுதியை யோகா விரிப்பின் முன்விளிம்புக்கு இணையாக வைப்பதில் இவர்களுக்குப் பெருமை. இடுப்பு அந்த அளவுக்கு வெளிப்புறம் திரும்பாவிட்டால் முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். வேகமான வகுப்பில் ஐந்து மூச்சுதான், தசையும் காவல் நிற்கிறது. இங்கே காவலை விலக்கிவிட்டு நான்கு நிமிடம் கிடக்கிறோம். குதிகாலைத் தொடை இடுக்குப் பக்கம் கொண்டுவந்து, அந்தப் பக்கப் புட்டத்துக்கு அடியில் மடித்த போர்வை கொடுங்கள். அதைவிட நல்லது, மல்லாந்து படுத்து ஒரு கணுக்காலை எதிர்த் தொடைமேல் போடுவது. "இது பிகினர்ஸ் போஸ் ஆச்சே" என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

மந்தமான இழுப்பு இருக்கலாம். குத்தல், மரத்துப்போதல், மின்சாரம் பாய்வதுபோல் காலில் ஓடும் வலி, மூன்றில் எது வந்தாலும் உடனே வெளியே வர வேண்டும். வெளியே வரும்போது கையால் தாங்கி மெதுவாக. மூட்டு ஒரு நொடி கிழடு தட்டியதுபோல் இருப்பது சகஜம். ஒரு நிமிடம் படுத்த பிறகே அடுத்தது.

உடம்பு சூடாகும் முன்பே யின் செய்ய வேண்டும் என்பது விதி. சூடான தசை இழுப்பைத் தானே வாங்கிக்கொள்ளும். ஆனால் நீண்ட நேரம் இழுத்துவிட்டால் தசையின் பலம் சற்று நேரத்துக்குக் குறையும், உடனே கையை மடக்கி உடம்பைத் தாங்கும் சதுரங்க தண்டாசனத்தில் குதிப்பது சரியில்லை. அதனால் தனி நாள்தான் உத்தமம். அது முடியாவிட்டால் வகுப்புக் கடைசியில் வையுங்கள். விதி கெட்டாலும், களைத்த ஆள் சண்டை போடமாட்டார்.

சந்தோஷமும் உண்டு. சில நாள் நான்காவது நிமிடத்தில், யாரும் சொல்லாமலே உஜ்ஜாயி இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கி அறை முழுக்க நிசப்தமாகிவிடும். வின்யாசாவில் சவாசனத்தில்கூட அது கிடைத்ததில்லை.

இருந்தும் இந்த முயற்சிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றுதான். ஒன்றை ஸ்வான் தின்றது. இன்னொன்று, அதே நான்காவது நிமிடத்தில் போனை எடுக்க நீளும் அந்த ஒரு கைக்குப் போனது.